கன்றுக்குட்டி சின்ன மாடு இல்லை

கோமியத்துக்கு நாம் கொடுக்கிற மரியாதையை வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள். பஞ்சகவ்யமா, ஜீவாமிர்தமா, பூச்சிவிரட்டியா, எதற்கும் கோமியம் வேண்டும். அதற்காகவே தொழுவத்தில் தளம் போட்டு, வாய்க்கால் இழுத்து, ஓரத்தில் தொட்டி கட்டியவர்கள் இந்த இதழைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் உண்டு. ஒரு மாடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கொடுக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். நேற்றுப் பிறந்த கன்று இன்னைக்கு எத்தனை தடவை மூத்திரம் விட்டது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அதை யாரும் கவனிப்பதில்லை.

கவனிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, அல்லிநகரத்தில் தோட்டமும் மூணு மாடும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் நான். கால்நடை மருத்துவன் கிடையாது. ஆனால் கணக்குப் பார்த்தே பழகியவன். நம்ம பக்கத்தில் கன்றும் குட்டியும் சாகிற கணக்கைப் பார்த்தால், பெரும்பாலும் முதல் மாசத்திலேயே முடிந்துவிடுகிறது. ‘கழிச்சல்ல போச்சு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்தக் கழிச்சலுக்கும் சாவுக்கும் நடுவில் நின்று போராடிய உறுப்பு ஒன்று இருக்கிறது. நம்ம ஊர்க் கறிக்கடையில் குண்டிக்காய் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சிறுநீரகம். அது எப்போது உருவாகிறது, எப்போது முழு வேலைக்கு வருகிறது, எதில் சறுக்குகிறது என்று தெரிந்துகொண்டால் கன்று வளர்ப்பில் நாம் செய்கிற பல காரியங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வயிற்றிலேயே முடிகிற கட்டடம்

ஆட்டுக் குண்டிக்காய் வழவழப்பாக அவரை விதை மாதிரி இருக்கும். மாட்டுடையது திராட்சைக் கொத்து மாதிரி மடல் மடலாக இருக்கும். வெளித் தோற்றம் வேறு என்றாலும் உள்ளே வேலை ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான வடிகட்டிகள் உள்ளே இருக்கின்றன. நெஃப்ரான் என்பார்கள். ஒவ்வொன்றும் ரத்தத்தை வடிகட்டி, வேண்டிய தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டு, வேண்டாததை மூத்திரமாக அனுப்புகிறது.

இந்த வடிகட்டிகள் எப்போது உண்டாகின்றன என்பதில் விலங்குக்கு விலங்கு வித்தியாசம் இருக்கிறது. மாடு, செம்மறி இவற்றில் வடிகட்டிகள் உருவாகிற வேலை தாய் வயிற்றிலேயே முடிந்துவிடும். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். பிறப்பதற்குச் சில வாரம் முன்பே எண்ணிக்கை முழுமையாகிவிடுகிறது. மனுசக் குழந்தைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், நிறைமாதத்துக்கு முன்னால் முடிந்துவிடும். நாய்க்கும் பன்றிக்கும் அப்படி இல்லை. நம்ம கோம்பை நாய் குட்டி போட்டால், கண் திறக்காமல் கிடக்கிற அந்தக் குட்டிக்குள் பிறந்த பிறகும் ரெண்டு வாரம் சிறுநீரகத்தின் கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும். தானாக மூத்திரம் விடக்கூட அதுக்குத் தெரியாது. தாய் நாய் நக்கிக் கொடுத்தால்தான் விடும். அப்படிப்பட்ட குட்டிக்கு வீட்டில் இருக்கிற காய்ச்சல் மருந்தை நாலு சொட்டு ஊற்றுவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கன்றுக்கு வருவோம். பிறந்த பிறகு ஒரு வடிகட்டிகூடப் புதிதாக உண்டாகாது. இருப்பவை பெரிதாகும், வேகம் கூடும், அவ்வளவுதான். வங்கி மொழியில் சொன்னால், மூலதனம் தாய் வயிற்றிலேயே போட்டு முடித்தாகிவிட்டது. பிறகு ஆயுள் முழுக்க அதை வைத்துத்தான் குடித்தனம். சினையாக இருக்கிற செம்மறிக்குத் தீவனத்தைக் குறைத்தால் குட்டியின் சிறுநீரகத்தில் வடிகட்டிகளின் எண்ணிக்கை குறைகிறது என்பதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வெளியே பார்த்தால் குட்டி நன்றாகத்தான் தெரியும். குறை உள்ளே இருக்கும்.

அதனால் கன்று வளர்ப்பு கன்று பிறந்த அன்றைக்குத் தொடங்குவதில்லை. சினை மாட்டின் தீவனத்திலும் தண்ணீரிலும் தொடங்குகிறது. நம்ம வழக்கம் என்ன? கறக்கிற மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, பசுந்தீவனம் எல்லாம். பால் வற்றிய சினை மாட்டுக்கு மிச்சம் மீதி வைக்கோல். ‘அது சும்மாதானே நிக்குது’ என்று சொல்வோம். அது சும்மா நிற்கவில்லை. உள்ளே ஒரு உயிருக்கு உறுப்புகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த இடத்தில் மலைமாட்டையும் பேச வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் கிடை போட்டு நம்ம நிலத்துக்கு எரு கொடுக்கிற மாடு அது. மேற்கு மலையில் மேய்ந்து வளர்ந்த இனம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் காடு முழுக்க மேய்ச்சலுக்குத் தடை சொல்லி, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. புலியும் வாழட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேய்ச்சல் சுருங்கினால் சினை மாட்டின் வயிறும் சுருங்கும். அதன் விலையைப் பிறக்கப் போகிற கன்று தன் சிறுநீரகத்தில் கொடுக்கும். மாற்று மேய்ச்சல் நிலம் கேட்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பிறந்த முதல் நாள்

வயிற்றுக்குள் இருக்கும்போதே கன்றின் சிறுநீரகம் மூத்திரம் உண்டாக்குகிறது. ஆனால் கழிவை வெளியேற்றுகிற பொறுப்பு பெரும்பாலும் நஞ்சுக்கொடியுடையது. தாயின் ரத்தம் கன்றின் கழிவை வாங்கிக்கொள்ளும். கன்றின் மூத்திரப்பையிலிருந்து தொப்புள் வழியாக ஒரு குழாய் போகிறது. கன்று விடுகிற மூத்திரத்தில் ஒரு பங்கு அந்த வழியாகத் தண்ணீர்க்குடத்துக்குப் போய்ச் சேரும்.

தொப்புள்கொடி அறுந்த நிமிஷத்தில் எல்லாம் மாறுகிறது. அதுவரை தாய் பார்த்த வேலை முழுக்கக் கன்றின் தலையில் விழுகிறது. தொப்புள் வழிக் குழாய் மூட வேண்டும். சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் கூட வேண்டும். மூளையிலிருந்து வருகிற சுரப்பைக் கேட்டுத் தண்ணீரைச் சேமிக்கப் பழக வேண்டும். பல குட்டிகளோடு ஒப்பிட்டால் மாட்டுக் கன்று கெட்டிக்காரக் கன்று. முதல் சில நாளிலேயே வடிகட்டும் வேகம் நன்றாக ஏறிவிடுகிறது. ஆனாலும் அந்தச் சில நாள் ஒரு மெல்லிய பாலம். அதைக் கடக்கக் கன்றுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. சுத்தமான தொப்புள், வயிறு நிறையச் சீம்பால்.

தொப்புளுக்கு டிங்சர் அயோடின் தொட்டு வைப்பது பத்து ரூபாய் வேலை. ஈரமான சாணித் தரையில் தொப்புள் புரண்டால் கிருமி அந்தக் குழாய் வழியாகவே மூத்திரப்பை வரைக்கும் ஏறும். பிறந்து நாலைந்து நாளாகியும் தொப்புளில் ஈரம் சொட்டினால், அது மூத்திரமாக இருக்கலாம். குழாய் மூடவில்லை என்று அர்த்தம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சீம்பாலைப் பற்றி நம்ம இதழில் பலர் எழுதிவிட்டார்கள். இருந்தாலும் ஊரில் இன்னும் ‘நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் கன்னை விடலாம்’ என்று கட்டிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சில மாட்டுக்குக் கொடி விழ எட்டு மணி நேரம், பத்து மணி நேரம்கூட ஆகும். மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள் கன்றுக்குப் போகாது. சீம்பால் வழியாகத்தான் போக வேண்டும். கன்றின் குடல் அதை அப்படியே உறிஞ்சுகிற திறன் முதல் சில மணி நேரம்தான் முழுசாக இருக்கும். ஒரு நாளில் கதவு மூடிவிடும். கன்று மடியை முட்டி ஊட்டுவதால் கொடி விழுவதும் எளிதாகிறது. அப்புறம் ஏன் காத்திருக்க வேண்டும்?

சீம்பாலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சீம்பால் குடித்த கன்றின் மூத்திரத்தைச் சோதித்தால் முதல் ஓரிரு நாள் அதில் புரதம் இருக்கும். வளர்ந்த மாட்டில் புரதம் போனால் நோய் என்போம். கன்றுக்கு அது நோய் இல்லை. குடல் அந்த நேரத்தில் சல்லடைக்கண் மாதிரி திறந்திருப்பதால் பாலின் சின்னச் சின்னப் புரதங்கள் முழுசாக ரத்தத்துக்குள் வந்துவிடுகின்றன. சிறுநீரகம் அதில் கொஞ்சத்தை வெளியே தள்ளுகிறது. ரெண்டு மூணு நாளில் தானாக நின்றுவிடும். பெரிய மாட்டின் அளவுகோலை வைத்துக் கன்றை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கழிச்சலில் என்ன நடக்கிறது

பிறந்த கன்றின் உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர். நம்ம நாட்டுக் கன்று 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உடல் எடையில் 8 சதவீதம் தண்ணீர் கழிச்சலில் போனால் 1.6 லிட்டர் போய்விட்டது என்று கணக்கு. 400 கிலோ மாட்டுக்கு 1.6 லிட்டர் ஒன்றுமே இல்லை. கன்றுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

தண்ணீரோடு உப்பும் காரச்சத்தும் போகிறது. ரத்தத்தில் புளிப்பு ஏறுகிறது. சாதாரணமாக அந்தப் புளிப்பைச் சிறுநீரகம் மூத்திரத்தில் கழித்துவிடும். ஆனால் ரத்தம் வற்றிப் போனால் சிறுநீரகத்துக்கு வருகிற ரத்தமே குறைகிறது. இருக்கிற தண்ணீரைக் காப்பாற்ற அது கடையை மூடிக்கொள்கிறது. மூத்திரம் நிற்கிறது. புளிப்பு மேலும் ஏறுகிறது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, கடைசியில் இதயம் நின்றுபோகிறது. கழிச்சலில் போச்சு என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் தண்ணீர் இல்லாமல் போனதுதான்.

இதற்கு மருந்து என்ன என்பதை உலகத்துக்கே காட்டிய இடம் நம்ம நாட்டில் இருக்கிறது. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தில் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றுகிற திரவம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பெரிய பீப்பாய்களில் கலக்கி, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குடிக்க வைத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது. 2022-ல் அவர் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். குடலில் உப்பை உள்ளே இழுக்க குளுக்கோஸ் கூடவே வேண்டும். உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீர் போகும். இதுதான் ஓ.ஆர்.எஸ். ரகசியம். கன்றின் குடலுக்கும் இதே விதிதான்.

ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு வீட்டில் உப்பு, சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுக்கிறோம். கன்றுக்கு அது சரிப்படாது. சர்க்கரையைப் பிரிக்கிற நொதி கன்றின் குடலில் கிடையாது. வெள்ளைச் சர்க்கரையானாலும் நாட்டுச் சர்க்கரையானாலும் கருப்பட்டியானாலும் அதே கதை. செரிக்காத சர்க்கரை குடலில் நின்று தண்ணீரை இழுக்கும், கழிச்சல் இன்னும் கூடும். நாம் இயற்கை வழி என்பதால் கருப்பட்டியில் கை போவது சகஜம். கன்றுக்கு மட்டும் குளுக்கோஸ்தான். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குளுக்கோஸ் இருக்கிறது, அது போதும்.

ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர்தான். ‘கொஞ்சம் காட்டமா இருக்கட்டும்’ என்று அரை லிட்டரில் கலக்கினால் உப்பு கூடிப்போய் கன்றின் மூளையைத் தாக்கும். பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு மிகை உப்பை வேகமாகக் கழிக்கத் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, 20 கிலோ கன்றுக்கு நாளைக்கு ரெண்டு லிட்டராவது, நாலு பங்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இது பாலுக்குப் பதில் இல்லை, பாலோடு சேர்த்து. பாலுக்கும் இதற்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். கழிச்சல் என்றதும் பாலை நிறுத்துவது நம்ம ஊரில் பழைய வழக்கம். பால்தான் கன்றுக்கு ஒரே சோறு. அதையும் நிறுத்தினால் எதை வைத்துத் தேறும்?

கன்று வற்றிவிட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். உடனே படிய வேண்டும். அஞ்சு எண்ணுகிற வரைக்கும் கூடாரமாக நின்றால் நிலைமை மோசம். கண் குழிக்குள் போய்விட்டதா என்று பாருங்கள். வாய்க்குள் விரலை விடுங்கள். சூடாக இருந்து விரலைச் சப்பினால் வாய் வழியாகவே காப்பாற்றலாம். வாய் சில்லென்று இருந்து சப்பவில்லை என்றால் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குப் போகும். அதுக்கு டிரிப்தான் வழி. 1962-ஐக் கூப்பிடுங்கள்.

தண்ணீரும் அளவோடு

கைக்குழந்தைக்கு ஆறு மாசம் தாய்ப்பாலே போதும் என்பதைக் கேட்டு, கன்றுக்கும் தண்ணீர் வேண்டாம் என்று இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சித்திரை வைகாசி வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டிக் கிடக்கிற கன்றுக்குத் தண்ணீர் வேண்டும். முதல் வாரத்திலிருந்தே சுத்தமான தண்ணீர் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக நக்கிப் பழகிக்கொள்ளும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பகல் முழுக்கத் தண்ணீர் காட்டாமல் கட்டிப்போட்டு, சாயங்காலம் ஒரு வாளியை முன்னால் வைத்தால் கன்று மூச்சு விடாமல் குடிக்கும். ரத்தம் திடீரென்று நீர்த்துப்போகும். சிவப்பணுக்கள் ஊதி உடையும். மூத்திரம் காப்பித்தண்ணி நிறத்தில் போகும். ரெண்டு மாசத்திலிருந்து அஞ்சு மாசக் கன்றுகளுக்கு இது வருவது கால்நடை மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். உண்ணி கடித்து வருகிற ரத்த மூத்திரம் என்று நினைத்து மருந்தைத் தேடி ஓடுகிறோம். எப்போதும் தண்ணீர் இருந்தால் இந்த வம்பே வராது.

ஊசியும் உருண்டையும்

இனி மருந்து. இங்கேதான் ரெண்டு பக்கமும் என்மேல் கோபம் வரலாம்.

பெரிய மாட்டுக்குப் போட்டு மீந்த பாட்டிலிலிருந்து கன்றுக்கும் ஒரு ஊசி போடுவது ஊரெங்கும் நடக்கிறது. ஜென்டாமைசின் மாதிரி மருந்துகள் கிட்டத்தட்ட முழுக்கச் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பிறந்த கன்றின் உடம்பில் அது வளர்ந்த மாட்டில் இருப்பதைவிட அதிக நேரம் தங்கும். கன்று கழிச்சலில் வற்றியிருந்தால் இன்னும் அதிகம் தங்கி, எந்த உறுப்பு வெளியேற்ற வேண்டுமோ அதையே அரிக்கும். எச்சம் சிறுநீரகத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். வலிமருந்து ஊசிகளும் அப்படித்தான். வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைத் திறந்து வைத்திருக்கிற பொருளையே அவை தடுத்துவிடும். முதலில் தண்ணீர் ஏற்ற வேண்டும், பிறகுதான் மருந்து. அதுவும் எடை பார்த்து, மருத்துவர் சொல்லி.

ஒரு உயிருக்கு ஒத்துக்கொண்டது இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதற்குப் பாறு கழுகே சாட்சி. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்கை மாடு தாங்கியது. அந்த மாடு செத்து அதன் கறியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் தாங்கவில்லை. இந்த நாட்டின் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. காரணத்தை 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனுச மருந்தைப் பெரிய குப்பியில் வாங்கி மாட்டுக்குப் போட்டதால் 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லிக்குக் குறைத்தார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ரெண்டுக்கும் தடை வந்தது. கழுகு போனதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். ஊரில் சாகிற கன்றை யார் அறுத்துப் பார்க்கிறார்கள்?

இதெல்லாம் ரசாயன மருந்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது என்று நினைக்காதீர்கள். நமக்கும் இருக்கிறது. வெந்தயம், சீரகம், மிளகு, மஞ்சள், பெருங்காயம் அரைத்து உருட்டிக் கொடுக்கிற மூலிகை வைத்தியம் நம்ம இயக்கத்தின் பெருமை. பெரிய மாட்டின் மடிநோய்க்கும் கழிச்சலுக்கும் அது செய்கிற வேலையை நானே என் தொழுவத்தில் பார்க்கிறேன். ஆனால் அந்த அளவுகள் வளர்ந்த மாட்டுக்குச் சொன்னவை. மூணு நாள் கன்றுக்கு அதே உருண்டையில் பாதியைத் திணிப்பது வைத்தியம் ஆகாது. அந்தக் கன்றுக்கு அசைபோடும் வயிறு இன்னும் வேலைக்கு வரவில்லை, கல்லீரல் தயாராகவில்லை, சிறுநீரகம் இப்போதுதான் பொறுப்பெடுத்திருக்கிறது.

இயற்கையானது எப்படித் தீங்கு செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட 13 கைக்குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்ததை 1981-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. கொடுத்தவர்கள் அன்பால் கொடுத்தவர்கள்தான். வேம்பு நமக்குத் தெய்வம். அதனாலேயே அது எல்லா வயசுக்கும் எல்லா அளவிலும் மருந்தாகிவிடாது. கன்றுக்கான மூலிகை அளவு தனியாக, எடை வாரியாக, வயசு வாரியாக எழுதப்பட வேண்டும். அதுவரை முதல் ரெண்டு மூணு வாரக் கன்றுக்குப் பால், ஓ.ஆர்.எஸ்., கதகதப்பு, உலர்ந்த படுக்கை, இவைதான் முதல் வைத்தியம்.

கணக்கு

‘நாட்டு மாடு, அதுவா தாங்கிக்கும்’ என்று ஒரு வாதம் உண்டு. நாட்டு மாட்டுக்கு வெயிலைத் தாங்குகிற உடம்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாட்டுக் கன்று எடை குறைந்த கன்று. எடை குறையக் குறைய, அதே ஒரு லிட்டர் கழிச்சல் அதிக சதவீதமாகும். தாங்கும் என்று விடுவதற்கு அதில் இடமே இல்லை.

‘கன்றுக்கே பாலை விட்டால் நமக்கு என்ன மிச்சம்’ என்பது இன்னொரு வாதம். போட்டுப் பார்ப்போம். 20 கிலோ கன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு, நாளைக்கு 2 லிட்டர். ரெண்டு மாசத்துக்கு 120 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் 4,200 ரூபாய். கிடேரிக் கன்றாக இருந்து அது வளர்ந்து முதல் ஈத்து ஈன்றால் சந்தையில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். காளைக் கன்றானாலும் எருவும் கோமியமும் வருஷக்கணக்கில் நமக்குத்தான். 4,200 ரூபாயை மிச்சம் பிடித்து அதை இழப்பது எந்த வங்கிக் கணக்கிலும் லாபம் ஆகாது.

ஐ.ஆர்.டி.பி. காலத்திலிருந்து கறவை மாட்டுக் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். தீவனத்துக்கு ஒரு வரி, மருத்துவத்துக்கு ஒரு வரி, காப்பீட்டுக்கு ஒரு வரி, பால் வரவுக்கு ஒரு வரி இருக்கும். கன்று குடிக்கிற பாலுக்கென்று தனி வரி பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. திட்டம் போடுகிறவர் மனசில் கன்று இல்லை. அதனால் தொழுவத்திலும் அதுக்கு இடம் இல்லாமல் போகிறது.

நம்ம இயக்கம் செய்யக்கூடியது இருக்கிறது. தேனியிலேயே 2020-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நம்ம மாவட்டக் கூட்டத்துக்கு அங்கிருந்து பேராசிரியர்களை அழைப்போம். நம்ம மலைமாட்டுக் கன்றுக்கும் வெள்ளாட்டுக் குட்டிக்கும் எடை வாரியாக ஓ.ஆர்.எஸ். அளவும் மூலிகை அளவும் ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்போம். அதைத் தொழுவத்துச் சுவரில் ஒட்டுவோம். மலைமாட்டுக்கிடை வைத்திருப்பவர்களுக்கு, எருவுக்குக் கொடுக்கிற கூலியோடு சேர்த்து ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் டிங்சர் பாட்டிலும் கொடுப்போம். கிடையில் பிறக்கிற கன்று நம்ம நிலத்தில்தான் முதல் இரவைக் கழிக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். சினை மாட்டுக்குக் கறவை மாட்டுக்குச் சமமாகத் தீவனம். கன்று பிறந்து ரெண்டு மணி நேரத்துக்குள் சீம்பால். அரைப்புக்கு வைத்திருக்கிற மூலிகையோடு நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். எட்டுகிற இடத்தில் தண்ணீர். அப்புறம், தினமும் காலையில் கோமியம் பிடிக்கப் போகிறவர் பக்கத்தில் கட்டியிருக்கிற கன்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரட்டும். எழுந்ததும் உடம்பை நெளித்துவிட்டு மூத்திரம் விட்டால் நல்லது. காலையிலிருந்து மத்தியானம் வரை விடவில்லை என்றால் அந்த நிமிஷமே கழுத்துத் தோலைக் கிள்ளிப் பாருங்கள். காத்திருக்க நேரம் கிடையாது.